இழுக்கிற கைக்கு ஒரு விண்ணப்பம்

பக்கவாதத்தால் கை மடங்கிப்போன ஒருவருடைய விரல்களை, அன்பு மிகுதியினாலேயே, இரண்டு மூன்று பேர் சேர்ந்து பிடித்து நிமிர்த்த முயல்கிற காட்சியை நீங்களும் எங்கேனும் பார்த்திருப்பீர்கள். எங்கள் சிங்கவரத்தில் சென்ற வாரம் நான் பார்த்தேன். பார்த்தது முதல் மனம் ஆறவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. (சற்று நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.)

"நல்லா இழுத்து வுடு, அப்பத்தான் இளகும்" என்கிறார் ஒருவர். "எண்ணெயைத் தடவி வேகமா ஒதறுங்க மாமா" என்கிறார் இன்னொருவர். பெரியவர் பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடுகிறார். கை இளகவில்லை, இழுக்க இழுக்க, முன்னிலும் பலமாக மார்போடு போய் ஒட்டிக்கொள்கிறது. "பாரு, எவ்வளவு வீம்பு!" என்று ஓர் அம்மாள் சலித்துக்கொள்கிறார்.

வீம்பு இல்லை அம்மா. அந்தப் பெரியவருடைய மனத்துக்கும் அந்தக் கைக்கும் இடையில் இருந்த பாதைதான் அறுந்து போயிருக்கிறது. அவர் விரும்பினாலும் அதைத் தளர்த்த அவரால் ஆகாது.

ஓர் அவயவம் விறைத்திருக்கிறது என்றால் அந்த விறைப்பு எங்கே குடியிருக்கிறது, நரம்பிலா, தசையிலா, தசையை எலும்போடு பிணைக்கும் நாணிலா என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை என்பதே என் வருத்தம். நான் வைத்தியன் அல்லன். ஆயினும், சரீர சாஸ்திரத்தைக் கிடைத்த மட்டும் படித்து வருகிறவன் என்ற முறையில், இந்த ஒரு விஷயத்தை மாத்திரம் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்ற தாபம் எனக்கு உண்டு.

நரம்பு அடியோடு மௌனமாயிருக்கும் தசையை முதலில் எடுத்துக்கொள்வோம்.

திண்ணையில் சாய்ந்து, கையை மடியில் போட்டு, ஒரு யோசனையுமின்றிச் சுகமாக இருக்கிற ஒருவருடைய தசையில் மெல்லிய ஊசி முனையைச் செலுத்தி அதன் மின்சாரச் சலனத்தைப் பதிவு செய்தால், அங்கே ஒன்றுமே தென்படுவதில்லை. அதாவது மூளையும் தண்டுவடமும் அந்த வேளையில் அத்தசைக்கு எந்த ஆக்ஞையும் அனுப்புவதில்லை. அப்படி ஆக்ஞையற்றுக் கிடக்கிற தசையையும் நீங்கள் பிடித்து நீட்டினால், அது எதிர்க்கத்தான் செய்கிறது. தசை இழைகளைச் சுற்றியிருக்கும் கொலாஜன் உறைகள் அந்த எதிர்ப்பில் ஒரு பங்கு. இழைக்குள்ளேயே நீண்டு சுருங்கக் கூடியதாக அமைந்த டைட்டின் என்னும் புரதம் (மனித உடலின் புரதங்களிலெல்லாம் ஆகப் பெரியது இதுவே) இன்னொரு பங்கு. தசையைச் சுருக்குகிற ஆக்டின், மயோசின் என்னும் இரு நூல்களுக்கிடையே ஓய்விலும் விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் சில பிணைப்புகள் மூன்றாவது பங்கு.

நரம்பில்லாமலே விறைப்பு உண்டு என்பதற்குச் சாவு வீட்டைக் காட்டிலும் வலுவான சாட்சி வேண்டுமா? உயிர் பிரிந்தவுடனே பெரியவர்கள் அவசர அவசரமாக வாய்க்கட்டுக் கட்டி, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டி, கைகளை ஒழுங்குபடுத்தி வைக்கிறார்களே, அந்த அவசரத்தில் ஒரு சரீர ஞானம் இருக்கிறது. இன்னும் சில மணி நேரத்தில் உடம்பு விறைத்துவிடும். அதன்பிறகு மூடாத வாயை மூட இயலாது. ஆக்டினை மயோசின் விட்டு விலகுவதற்கு ஏடிபி என்னும் எரிபொருள் தேவைப்படுகிறது. பிராணன் போனபின் அது தீர்ந்துபோகிறது. பற்றிய பிடி பற்றியபடியே நின்றுவிடுகிறது. நரம்புகள் யாவும் ஓய்ந்து அடங்கிய பிறகுதான் சரீரம் தன் வாழ்நாளில் காணாத விறைப்பை அடைகிறது!

உயிரோடிருக்கும் நமக்கு வருவோம்.

சென்னையிலிருந்து செஞ்சிக்குப் பேருந்தில் காலை மடக்கி உட்கார்ந்தபடி வருகிறவர், பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது முழங்கால் நிமிர மறுத்து இரண்டடி நொண்டுகிறார். டீக்கடையை அடைவதற்குள் கால் பழையபடி ஆகிவிடுகிறது. அந்த இரண்டடிக்குள் என்ன நடந்தது? ஆறிப்போய் உறைந்த கேழ்வரகுக் கூழ், கரண்டியால் ஒரு கிளறு கிளறியதும் இளகிவிடுகிறதே, அதுதான் நடந்தது. அசையாமல் இருக்க இருக்க, ஓய்வுத் தசையின் அந்தச் சிறு பிணைப்புகள் மெல்ல மெல்லப் பெருகி நிற்கின்றன. நாலு முறை அசைத்ததும் அவை அறுந்து தசை இளகுகிறது. மறுபடி சும்மா இருந்தால் மறுபடி சேர்கின்றன. 1980களில் லேக்கி, வால்ஷ், ரைட் என்ற ஆராய்ச்சியாளர்கள் மனிதருடைய மணிக்கட்டில் இந்தக் குணத்தை அளந்து காட்டினார்கள். இதில் ஒரு நுட்பம் உண்டு. முந்தைய கணத்தில் நரம்பு அத்தசைக்கு என்ன சொன்னது, எந்த நீளத்தில் வைத்துச் சுருக்கியது, எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பொறுத்தே அடுத்த கணத்தின் மௌன விறைப்பும் அமைகிறது. நரம்பு இப்போது பேசாவிட்டாலும் அது முன்பு பேசிய பேச்சின் விளைவு தசையில் தங்கியிருக்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு உண்டான ஆனந்தத்தை எப்படிச் சொல்வேன்!

எங்கள் ஊருக்கு வருகிறவர்களுக்கு இன்னொரு அனுபவமும் கிட்டும். சிங்கவரம் குன்றின் படிகளில் ஏறி, பல்லவர் காலக் குடைவரையில் பாறையோடு பாறையாகச் சயனித்திருக்கும் ரங்கநாதரைச் சேவித்துவிட்டு (தேசிங்கு ராஜன் போருக்கு உத்தரவு கேட்டபோது பெருமாள் சம்மதியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது இப்பக்கத்து ஐதீகம்), அதே உற்சாகத்தில் செஞ்சிக்குப் போய், ஏறக்குறைய 800 அடி உயரமுள்ள ராஜகிரிக் கோட்டையிலும் ஏறி இறங்குகிறார்கள். மறுநாள் தொடை கல்லாகிவிடுகிறது. ஏறியதால் வந்தது என்றே பலரும் எண்ணுகிறார்கள். மெய்யாகவே அதற்கு அதிகப் பொறுப்பு இறக்கத்துக்குத்தான். இறங்கும்போது தொடையின் முன்தசை, சுருங்க வேண்டும் என்ற ஆக்ஞையை நரம்பிலிருந்து பெற்றுக்கொண்டே, உடலின் பாரத்தால் நீட்டவும் படுகிறது. சுருங்கு என்ற கட்டளையும் நீளு என்ற பலாத்காரமும் ஒரே இழையில் மோதுவதால் உள்ளமைப்பு ஆங்காங்கே சிதைகிறது. அதன் பிறகு சில நாட்களுக்குத் தசை விறைத்தே இருக்கிறது. அப்போது மின்பதிவு எடுத்தால் நரம்பு மௌனம். வந்த விறைப்பு நரம்பால் வந்தது, நிற்கிற விறைப்பு தசையினுடையது.

இனி, நரம்பு மௌனமாக இல்லாத கதை.

1924இல் லிடெல், ஷெரிங்டன் என்ற இருவர் நீட்சி அனிச்சையை விவரித்தார்கள். தசைக்குள்ளே கதிர் வடிவில் நுண்ணிய உணர்கருவிகள் புதைந்திருக்கின்றன. தசை நீளுகிறது, அதிலும் வேகமாக நீளுகிறது என்றால் அவை உடனே தண்டுவடத்துக்குச் செய்தி அனுப்ப, மூளையின் அனுமதிக்குக் காத்திராமல், தண்டுவடம் அதே தசையைச் சுருங்கச் சொல்லிவிடுகிறது. சுகதேகியிடம் இந்த அனிச்சையை மூளை அடக்கி ஆள்கிறது. பக்கவாதத்தில் அந்த மேலாண்மை போய்விடுகிறது. தண்டுவடம் கட்டுக்கடங்காமல் ஒவ்வொரு இழுப்புக்கும் பதில் கொடுக்கிறது. வேகமாக இழுக்க இழுக்கப் பதிலும் பலமாக வருகிறது. வேகத்தைப் பொறுத்து மிகும் இந்தக் குணத்தையே இந்த நரம்பு விறைப்பின் இலக்கணமாக லான்ஸ் என்பவர் 1980இல் வகுத்தார்.

இப்போது அந்தப் பெரியவருடைய கையை நினைத்துப் பாருங்கள். உதறியவர்கள் எதைச் செய்தார்கள்? எது செய்தால் கை இறுகுமோ அதையே, இளக வேண்டும் என்ற பிரார்த்தனையோடு செய்தார்கள்.

வீட்டிலேயே இதைக் கண்ணால் காணலாம். உயரமான கட்டில் விளிம்பிலோ திண்ணையிலோ கால் தொங்க உட்காரச் செய்து, முழங்காலுக்குக் கீழ்ப்பட்ட பாகத்தைக் கையில் தாங்கி உயர்த்தி, "முழுக்க என்னிடம் விட்டுவிடுங்கள்" என்று சொல்லிச் சட்டென்று விட்டுவிடுங்கள். சுகமான கால் கடிகாரப் பெண்டுலத்தைப் போல் பல தடவை முன்னும் பின்னும் ஆடி, வீச்சுக் குறைந்து குறைந்து ஓயும். நரம்பு விறைப்புள்ள கால் முதல் வீச்சிலேயே பாதி வழியில் தட்டுப்பட்டு, மேற்கொண்டு ஆட மனமின்றி நின்றுவிடும். வார்ட்டன்பெர்க் என்ற நரம்பியலார் 1951இல் எழுதிய சோதனை இது. கருவி ஒன்றும் வேண்டாம்.

நரம்பினுடைய பங்கையும் தசையினுடைய பங்கையும் பிரித்தறிய வைத்தியர்கள் கையாளும் வழியும் இதை ஒட்டியதே. மிக மெதுவாக நீட்டும்போது எவ்வளவு எதிர்ப்பு? அது பெரும்பாலும் தசையும் நாணும் மூட்டு உறையும் காட்டும் எதிர்ப்பு. வேகமாக நீட்டும்போது கூடுதலாக எவ்வளவு? அந்தக் கூடுதல் நரம்புக்குரியது. பூரண மயக்கத்தில் ஆழ்த்தினால் நரம்பு விறைப்பு கரைந்துவிடும். அப்போதும் நீளாமல் எஞ்சுவது சுருங்கிப்போன சதை. பொட்டுலினம் ஊசி நரம்பு முனையில் செய்தி கசிவதைத் தடுத்துச் சில மாதங்களுக்கு முதல் வகையைத் தளர்த்தும். இரண்டாம் வகைக்கு அதனால் பிரயோஜனம் இல்லை.

ஆனால் இவ்விரண்டும் தனித்தனி வீட்டில் வாழ்வதில்லை என்பதுதான் துயரம். நரம்பு மடக்கி வைத்த கை, மடங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால், தசை அந்தக் குறுகிய நீளத்தையே தன் இயல்பாக ஏற்றுக்கொண்டு உருமாறுகிறது. 1972இல் தபாரி முதலியோர் பூனைகளின் கெண்டைக்கால் தசை ஒன்றைக் குறுகிய நிலையில் நான்கு வாரம் மாவுக்கட்டில் வைத்தபோது, இழையில் வரிசையாகக் கோத்திருக்கும் சார்க்கோமியர் என்னும் சுருங்கும் அலகுகளில் 40 விழுக்காடு காணாமற்போயிருந்தன. நீட்டிய நிலையில் வைத்தபோதோ ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு புதிதாக முளைத்திருந்தது. இரண்டு ஆண்டு கழித்து அவர்களே நரம்பை வெட்டிவிட்டும் பார்த்தார்கள். நரம்பே இல்லாத தசையும் தான் வைக்கப்பட்ட நீளத்துக்கு ஏற்பத் தன் அலகுகளின் எண்ணிக்கையை மாற்றிக்கொண்டது. நரம்பு தொடங்கிவைத்த வேலையை, நரம்பின் துணையின்றியே தசை முடித்துவிடுகிறது.

நாணின் சமாசாரம் வேறு. அதற்குச் சுருங்கும் சக்தியே கிடையாது. நேரடியாக நரம்பின் கட்டளைக்கு அது செவி சாய்ப்பதும் இல்லை. எனினும், தளர்ந்திருக்கையில் அலையலையாக மடிந்திருக்கும் அதன் கொலாஜன் இழைகள், தசை இழுக்கும்போது நிமிர்ந்து விறைக்கின்றன. ஆகவே தசை வழியாக நரம்பு நாணையும் ஆள்கிறது. குதிநாணைக் கொண்டே இதைப் பார்க்கலாம். நாம் சும்மா நிற்கிறோம் என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது, உடம்பை நேராகத் தாங்கி நிறுத்துவதற்கு அந்த நாணின் விறைப்பு மட்டும் போதாமல், மூளை இடைவிடாது கெண்டைத் தசையைச் சிறுசிறு அளவில் இழுத்தும் விட்டும் கொண்டிருக்கிறது. தண்டுவடம் அறுந்து கால்கள் ஆண்டுக்கணக்கில் செயலிழந்தவர்களின் முழங்கால் நாணை அளந்த ஓர் ஆய்வு 2006இல் வெளிவந்தது: அதன் விறைப்பு முக்கால் பங்குக்குமேல் குறைந்திருந்தது. அதாவது நரம்பின் ஆட்சி அகன்றால் தசை குறுகி இறுகவும், நாண் வலுவிழந்து தளரவும் கூடும். ஒரே உடம்பு, ஒரே காரணம், எதிரெதிரான இரண்டு முடிவுகள்.

இந்த இடத்தில் டாக்டர் பால் பிராண்டைப் பற்றிச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது.

1914இல் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தவர். பெற்றோர் அங்கே சமய ஊழியம் செய்தவர்கள். லண்டனில் அறுவை வைத்தியம் பயின்று, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1947இல் செங்கற்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தில் டாக்டர் காக்ரேன் தம் நோயாளிகளை அவருக்குக் காட்டியபோது, விரல்கள் பறவை நகம் போல் மடங்கிப்போன கைகளை அவர் கண்டார். அப்படிப்பட்ட ஒரு கைக்குள் தம் கையைக் கொடுத்து, "இறுக்கிப் பிடி" என்றார். பிடித்த பிடியில் நகங்கள் உள்ளங்கையில் பதிந்து வலித்தன! உதவாது என்று உலகம் ஒதுக்கிய கை அது. அந்த வலியிலிருந்துதான் அவருக்கு உண்மை புலப்பட்டது: முன்கையின் பெரிய தசைகளுக்கு நரம்பு உயிரோடிருக்கிறது, உள்ளங்கையின் சிறு தசைகளுக்குப் போகும் நரம்பு மாத்திரமே நோயால் பட்டுப்போயிருக்கிறது.

வெளியே பார்த்தால் பக்கவாதக் கையும் மடங்கியிருக்கிறது. தொழுநோய்க் கையும் மடங்கியிருக்கிறது. உள்ளே நிலைமை தலைகீழ். முன்னதில் அடக்குவாரில்லாத நரம்பு ஓயாமல் ஆணையிடுகிறது. பின்னதில் சிறு தசைகளுக்கு நரம்பு அடியோடு வாய் திறப்பதில்லை. எதிர்த்து நிற்பார் இல்லாததால் பெரிய தசைகள் விரலை மடக்கிவிடுகின்றன. மடங்கியபடியே மாதங்கள் கழிய, உட்புறத் தோலும் மூட்டு உறையும் குறுகி இறுகுகின்றன.

பிராண்டு செய்த அறுவைகள் பிரசித்தம். மணிக்கட்டை நிமிர்த்தும் முன்கைத் தசை ஒன்றின் நாணை விடுவித்து, காலிலிருந்து எடுத்த மெல்லிய நாணால் அதை நீளமாக்கி, நான்கு வால்களாகப் பிரித்து நான்கு விரல்களிலும் தைத்தார். எனக்கு அதனினும் பெரிதாகப் படுவது, கத்தியை எடுப்பதற்கு முன் அவரும் அவர் குழுவினரும் செய்த காரியம். இறுகிய கையில் நாணை மாற்றித் தைத்துப் பயனில்லை. முதலில் கை இளக வேண்டும். எண்ணெய் தடவி நீவினார்கள், பயிற்சி கொடுத்தார்கள், விரல்களுக்கு உருளை உருளையாக மாவுக்கட்டுப் போட்டு, சில நாட்களுக்கு ஒருமுறை கழற்றி, கிடைத்த அந்தச் சிறு நிமிர்வில் மறுபடி கட்டினார்கள். பலவந்தம் என்ற பேச்சே இல்லை. பலவந்தம் செய்யவும் கூடாது. ஏனெனில் அந்தக் கைக்கு வலி தெரியாது. தோல் கிழிந்தாலும் உரியவர் முகம் சுளிக்கமாட்டார். மென்மையாக, நீடித்து, சிறிது நீட்சியில் வைத்திருந்தால் உயிருள்ள திசு அந்த நீளத்துக்கு வளர்ந்து கொடுக்கும் என்பது பிராண்டின் கொள்கை. நீட்டிய நிலையில் பூனைத் தசைக்குப் புதிய அலகுகள் முளைத்த செய்தியை மேலே சொன்னேனே, அதனோடு இதைச் சேர்த்து வைத்துப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

(யோகாசனம் பழகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று வாரம் பின்தொடையை நீட்டிப் பழகியவர்களை மேக்னுசன் குழுவினர் 1996இல் பரிசோதித்தார்கள். முன்னிலும் அதிகத் தூரம் நீட்ட முடிந்தது. ஆனால் அதே கோணத்தில் தசையின் விறைப்பு மாறவே இல்லை. மாறியது, எவ்வளவு இழுப்பைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற உணர்வு. ஆரம்ப வாரங்களின் முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பு மண்டலம் கொடுக்கும் சம்மதம் என்றே நான் கொள்கிறேன்.)

ஆகவே, வீட்டில் பக்கவாதக்காரர் இருந்தால் கையைப் பிடிக்கும் முன்பு ஒரு மூச்சு நிதானியுங்கள். தோளை மெல்லத் தாங்கி, முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் என்று வரிசையாக, எறும்பு ஊர்வது போல் அவ்வளவு மெதுவாக நீட்டுங்கள். தட்டுப்படும் இடத்தில் தள்ளாமல் நின்று காத்திருங்கள். பல சமயம் அது தானே இறங்கிக் கொடுக்கும். கொடுத்த நிலையிலேயே சிறிது நேரம் வைத்திருங்கள். படுக்கும்போது கை மார்பின் மேல் மடங்கிக் கிடக்காமல் தலையணைமேல் சற்று நீண்டிருக்கட்டும். பாதம் கீழ்நோக்கித் தொங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்து இழுத்துத் தோள் மூட்டு நழுவினால், உள்ள கஷ்டத்தோடு இன்னொன்றும் சேர்ந்துவிடும். நோய் வந்த முதல் வாரங்களிலேயே இதைத் தொடங்க வேண்டும். கை முழுக்க இறுகிய பிறகு தொடங்குவது மிகக் கடினம்.

செஞ்சிப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அவ்வளவு தூரம் நோயாளியைத் தூக்கிச் செல்ல இயலாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவார் என்பதை அறிந்துகொள்ளுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். வருகிறவரிடம், "இந்தக் கையில் நரம்பு இறுக்கம் எவ்வளவு, சதை குறுகியது எவ்வளவு?" என்று கேளுங்கள். அவர் மெதுவாக ஒருமுறையும் வேகமாக ஒருமுறையும் நீட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். அந்தப் பதிலைக் கேட்டு, வீட்டார் எல்லோரையும் கூட வைத்துக்கொண்டு, தினமும் யார் எந்த வேளையில் எப்படி நீட்டுவது என்பதை அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள்.